கம்பியில்லாப் பிணையக் ‘கொள்கை’க்கு மாற்றுச் சொல் வேண்டும் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பை ஒப்படைத்தாக வேண்டும். பயனரின் கணினியில் கம்பியில்லா இணைப்பை யார் மாற்றலாம், யார் தொடவே கூடாது என்று நிர்வாகி முடிவு செய்யும் பகுதி அது. மொத்தம் 17 தொடர்கள். எல்லாவற்றிலும் ஒரே சொல் குறுக்கே நிற்கிறது: ‘பாலிசி’.

இதுவரை கண்ணை மூடிக்கொண்டு ‘கொள்கை’ என்று எழுதிவந்தோம். நேற்று “கம்பியில்லாப் பிணையக் கொள்கை” (வயர்லெஸ் நெட்வொர்க் பாலிசி) என்று வாய்விட்டுப் படித்தபோதுதான் நெருடியது. கொள்கை என்பது ஒருவர் தாமாகக் கொள்வது. இங்கே பயனர் எதையும் கொள்ளவில்லை. யாரோ அவர் தலையில் கட்டுகிறார்கள். திரையில் ஒரு பெட்டி வெளிறிக் கிடக்கிறது, சொடுக்கினால் அசையவில்லை. அதனடியில் “இது நிர்வாகியின் கொள்கை” என்று எழுதினால் நிர்வாகி தேர்தலில் நிற்கிறாரோ என்று தோன்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிர்வாகி முன்கூட்டியே இட்டுவைத்து, பயனர் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியதை ‘விருப்பத்தேர்வு’ என்கிறோம். மாற்றவே முடியாததைக் ‘கொள்கை’ என்கிறோம். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இரண்டில் எது பிடிவாதம் என்று எப்படித் தெரியும்?

ஒரு சொல் கொடுங்கள். விளக்கம் பிறகு கொடுக்கலாம்.

புலவர் எழுதியது:

> ஒரு சொல் கொடுங்கள். விளக்கம் பிறகு கொடுக்கலாம்.

விளக்கமில்லாத சொல் தாலாட்டுக்குத்தான் ஆகும். இருந்தாலும் தருகிறேன்: தளை.

தளை என்றால் கட்டு, விலங்கு. அதே சொல்தான் யாப்பிலும் இருக்கிறது. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் ஒன்றியோ ஒன்றாமலோ நிற்கும் கட்டுக்குத் தளை என்று பெயர். இப்போது கணினியைப் பாருங்கள். பயனரின் கருவி நின்ற சீர், காற்றில் வரும் பிணையம் வரும் சீர். இரண்டும் சேரலாமா கூடாதா என்பதை நடுவில் இருப்பது தீர்மானிக்கிறது. தளை ஏழில் கடைசி இரண்டு என்ன? ஒன்றிய வஞ்சித்தளை, ஒன்றாத வஞ்சித்தளை. அனுமதிப் பட்டியல், மறுப்புப் பட்டியல் என்று இப்படிப்பட்ட அமைப்புகளில் வரும் இரண்டுக்கும் ஒன்றிய தளை, ஒன்றாத தளை என்று பெயர் தயாராக இருக்கிறது!

எதிர்ச்சொல்லும் இலவசம். மொட்டு விரிவதைச் சங்கப் பாடல்கள் ‘தளை அவிழ்தல்’ என்கின்றன. பூட்டைத் திறக்கும் பொத்தானுக்கு ‘அவிழ்’ என்று எழுதுங்கள். அதைவிட அழகான பொத்தான் எந்த மொழியிலும் இருக்காது.

அப்படியே ‘நிர்வாகி’யையும் தூக்கிவிடலாம். ‘ஆள்வினையர்’ என்று எழுதினால் குறை என்ன?

பிணைய நிர்வாகி எழுதியது:

ஐயா, அந்த ஆள்வினையர் நான்தான் என்பதால் குறையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே அது விடாமுயற்சி. என் பயனர்கள் என்னைப் பற்றிச் சொல்லும் சொற்களில் அது இல்லை.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். ‘பூட்டு’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறோம். ஆனால் நடப்பது ஒரே வகைப் பூட்டு அன்று. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறது. யாருக்கு எது என்ற தீர்ப்பைப் போல்கிட் என்ற இன்னொரு நிரல் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு பல வகை. கேட்டவுடன் விடு என்று ஒன்று. பயனரின் சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு விடு என்று ஒன்று. நிர்வாகியின் கடவுச்சொல் இருந்தால்தான் விடு என்று ஒன்று. யார் வந்தாலும் விடாதே என்று ஒன்று. மூன்றாவது பூட்டு, நான்காவது சுவர். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டு ஒரே சொல்லை எழுதினால், சுவரின் முன் நின்று சாவி தேடுவார்கள்.

அதிலும் தமக்கு மட்டும் ஓர் இணைப்பைச் சேர்த்துக்கொள்வதற்கு ஓர் அனுமதி, கணினியில் நுழையும் எல்லோருக்குமான இணைப்பை மாற்றுவதற்கு வேறோர் அனுமதி. பலர் பகிரும் கணினியில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் பிடித்துவைப்போம்.

விண்டோஸில் பெயர்வாரியாக இன்ன பிணையம் கூடும், இன்னது கூடாது என்று எழுதிவைக்கலாம். அணுகுமுனை (கம்பியில்லா அலையைப் பரப்பும் பெட்டி) எதுவும் இல்லாமல் கணினியும் கணினியும் நேரடியாகப் பேசும் வகையை ஒட்டுமொத்தமாக அடைக்கலாம். மறுக்கப்பட்ட பிணையத்தைப் பயனரின் கண்ணில் காட்டுவதா மறைப்பதா என்பதற்குக்கூடத் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. காட்டினால் “ஏன் சேரவில்லை?” என்று கேட்பார்கள். மறைத்தால் “ஏன் காணவில்லை?” என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வது நான்.

இதெல்லாம் அதிகார ஆசை என்று எண்ண வேண்டாம். கருவி பிணையத்தைப் பெயரால் அடையாளம் காண்கிறது. அதே பெயரை வைத்து எவரும் ஓர் அணுகுமுனையை நிறுவலாம். பயனர்பெயர், கடவுச்சொல் கொண்டு நுழையும் பிணையங்களில் சேவையகத்தின் சான்றிதழைக் கருவி சரிபார்க்க வேண்டும். “இந்தச் சான்றிதழை நம்பலாமா?” என்று பயனரிடம் கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் ‘ஆம்’ என்று அழுத்துவார்கள், அவசரம் அப்படி. போலி முனையிடம் கடவுச்சொல் போய்ச் சேரும் வழி அந்த ‘ஆம்’தான். ஆகவே அந்தக் கேள்வியே எழாதபடி செய்துவைக்கிறோம். தளை என்றால் தண்டனை போல் ஒலிக்கிறது. ‘காப்பு’ என்று ஏன் சொல்லக் கூடாது?

நிரலர் எழுதியது:

‘காப்பு’ வேண்டாம். காப்புநகல், காப்புரிமை, காப்புப் படி என்று ஏற்கெனவே மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் கவலை வேறு. பிணையத்தின் பெயர் இயங்கும் நேரத்தில்தான் வந்து நிரம்பும். அதன்மேல் ‘ஐ’, ‘இல்’, ‘உடன்’ என்று உருபு ஒட்டினால் அசிங்கமாகிவிடும். ஒற்று மிகுவதற்கும் வழியில்லை, அடுத்த எழுத்து என்னவென்று நிரலுக்கு முன்பே தெரியாது. “கம்பியில்லாப் பிணையம்” என்று ப் போட்டு எழுதிய தொடரில் ‘பிணையம்’ இருந்த இடத்தில் ‘இணைப்பு’ வந்து உட்கார்ந்து, “கம்பியில்லாப் இணைப்பு” என்று திரையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ‘கம்பியற்ற’ என்று போட்டுத் தொலைத்தால் அதன் பின் ஒற்றே மிகாது. தயவுசெய்து.

புலவர் எழுதியது:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை நிரலின் வசதிக்காக நாடு கடத்துகிறீர்கள். நடக்கட்டும்.

இதற்கிடையில் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறு இடங்களில் ‘வைஃபை’ இருக்கிறது. ஆய்தம் எங்கே வரும்? தொல்காப்பிய மொழிமரபு தெளிவாகச் சொல்கிறது. குறிலை அடுத்து, உயிர்மெய் வல்லினத்துக்கு முன்னால். அஃது, எஃகு. ‘வை’ நெடில். நெடிலுக்குப் பின் ஆய்தம் நிற்பது ஒற்றைக்காலில் நிற்கும் மேசை.

ஆசிரியை எழுதியது:

ஐயா, மொழிக்கு முதலில் வரும் ஐகாரம் குறுகும் என்றும் அதே மரபு சொல்கிறதல்லவா?

புலவர் எழுதியது:

குறுகி ஒன்றரை மாத்திரை ஆகும் அம்மா. ஒன்றரை என்பது ஒன்று அன்று. குறில் ஆகாது.

ஆசிரியை எழுதியது:

அரை மாத்திரைக்காக ஆறு தொடர்களை நிறுத்திவைக்க வேண்டாம். மாற்றாக ‘அருகலை’ என்று ஒரு சொல் பரவியிருக்கிறது. அருகு, அலை என்று பிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மாணவர்களிடம் கேட்டேன். ஒரு மாணவி, “அருகல் என்றால் குறைந்து போவது, அதனோடு ஐ உருபு, ஆக, குறைந்து போவதை,” என்று பிரித்துக் காட்டினாள். பிணையம் ஒரு கோடு இரண்டு கோடாகக் காட்டும் நேரத்தில் மறுக்க முடியவில்லை. வைஃபை என்பதே எதன் சுருக்கமும் அன்று, 1999இல் வணிகத்துக்காக வைத்த பெயர். பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

‘தளை’யையும் வகுப்பில் சோதித்தேன். “நிர்வாகியால் தளைக்கப்பட்டுள்ளது” என்று சொல்லி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் “தழைக்கப்பட்டுள்ளது” என்று எழுதினார்கள். பொருள் கேட்டால், நிர்வாகி அதை நன்றாக வளர்த்திருக்கிறார் என்றார்கள். ‘அவிழ்’ பொத்தானுக்கு வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாம் ஒன்றை மறந்து பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தச் செய்தியைப் படிக்கப் போகிறவர் யார்? பிணையத்தில் சேர முடியாமல் நிற்பவர். அவருக்குப் புரியாத சொல்லை எழுதினால், அகராதியில் தேடவும் அவரிடம் பிணையம் இருக்காது. மற்ற இடங்களில் அருஞ்சொல் வைத்து மக்களைப் பழக்குவோம், நானும் கூடவே வருகிறேன். இந்தத் திரையில் வேண்டாம்.

பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள். நிபந்தனை விதிக்கிறோம், தடை விதிக்கிறோம், வரம்பு விதிக்கிறோம். மேலிருந்து ஒருவர் இட, கீழே இருப்பவர் ஏற்க வேண்டியதற்கெல்லாம் தமிழன் ‘விதித்தல்’ என்றுதான் சொல்கிறான். கொள்கைக்கு நேர் எதிர்த்திசை. “நிர்வாகி விதித்த அமைப்பு.” மாற்ற முடியாது என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. விருப்பத்தேர்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழப்பமே இல்லை. கடவுச்சொல்லால் திறக்கக்கூடிய இடத்தில் மட்டும் “நிர்வாகியின் கடவுச்சொல் தேவை” என்று ஒரு வரி சேர்த்தால் பூட்டும் சுவரும் பிரிந்துவிடும்.

பிணைய நிர்வாகி எழுதியது:

எனக்குச் சம்மதம். பயனர்கள் திட்டுவதற்கும் வசதியாக இருக்கிறது.

புலவர் எழுதியது:

விதி வடசொல். இதற்கா மூன்று நாள்?

ஆசிரியை எழுதியது:

வடசொல்லுக்கும் தொல்காப்பியர் எச்சவியலில் இடம் கொடுத்திருக்கிறார் ஐயா, வடவெழுத்தை நீக்கிவிட்டு எழுதச் சொல்கிறார். ‘விதி’யில் நீக்குவதற்கு வடவெழுத்தே இல்லை.

புலவர் எழுதியது:

இடம் கொடுத்தார். வீட்டை எழுதிக் கொடுக்கவில்லை. வேண்டுமானால் ‘பிணையம்’ பற்றியும் பேசுவோம். பிணை என்றால் ஜாமீன், பிணை என்றால் பெண்மான்...

மட்டுறுத்துநர் எழுதியது:

மானை அடுத்த இழையில் பிடிப்போம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இதுவரை ‘விதித்த’ நான்கு பேர், ‘தளை’ ஒருவர், “எதுவானாலும் உருபு ஒட்டாதீர்கள்” ஒருவர்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. “நிர்வாகி விதித்த அமைப்பு” என்று 17 தொடர்களையும் திருத்தி ஒப்படைத்துவிட்டேன். ‘கம்பியில்லா’வை ‘கம்பியற்ற’ ஆக்கிவிட்டேன். ‘வைஃபை’ அப்படியே இருக்கிறது. புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். அவருடைய மாற்றுக் கருத்தைக் கோப்பின் குறிப்புரையில் முழுமையாகச் சேர்த்திருக்கிறேன்; ஒன்றிய வஞ்சித்தளை உட்பட.

நிரலர் எழுதியது:

சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்தேன். தொடர்கள் எல்லாம் சரி. தலைப்புப் பட்டையில் மட்டும் இடம் போதவில்லை. பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடுகிறது. இப்போது திரையில் தெரிவது:

நிர்வாகி விதி…

புலவர் எழுதியது:

‘ஊழ்’ என்று எழுதியிருந்தால் பட்டைக்குள் அடங்கியிருக்கும். தூய தமிழும்கூட.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பட்டையை அகலப்படுத்தச் சொல்லி வழு பதிந்திருக்கிறேன் ஐயா. அதை மாற்றும் அனுமதி எனக்கு இல்லையாம், நிர்வாகியிடம் கேட்கச் சொல்கிறது.