அம்மாவுக்கு ஹோம் பாக்கறோம் – திருச்சியா கோயம்புத்தூரா, மாசாமாசம் பணத்துக்கு என்ன வழி?

பொன்மலைப் பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 78 வயசு, அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், போன வருஷம் தவறிட்டார். அம்மா திருச்சி கே.கே.நகர் வீட்ல தனியா இருக்காங்க. நான் பெங்களூர்ல, அண்ணன் மஸ்கட்ல. அம்மாவுக்கு மறதி கொஞ்ச நாளாவே இருந்துச்சு, வயசாயிடுச்சுல்லன்னு விட்டுட்டோம், இப்ப டாக்டர் டிமென்ஷியா ஆரம்பம்னு சொல்லிட்டார். கேஸ் அடுப்ப அணைக்க மறந்துடறாங்க, பிபி மாத்திரைய காலைல ரெண்டு தடவை போட்டுக்கறாங்க. எங்கிட்ட கூட்டிட்டு வந்தா ரெண்டு வாரம் தாண்டாது, எல்லா புடவையும் மடிச்சு பைல வச்சுட்டு வாசல்ல உக்காந்துடுவாங்க, ஊருக்கு போணும்னு. நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம், 12வது மாடி, பகல்ல ஆளே இல்ல.

அதான் ஒரு நல்ல ஹோம் பாக்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம், தயவுசெஞ்சு "பெத்தவங்கள இப்படி விடலாமா"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அத சொந்தக்காரங்க ஏற்கனவே முடிச்சுட்டாங்க.

பணம்: ஃபேமிலி பென்ஷன் கைக்கு 24 ஆயிரம் சொச்சம். எஃப்டில 35 லட்சம், இப்ப அம்மா பேருக்கு மாத்தியாச்சு. வீடு இன்னும் அப்பா பேர்லதான். அண்ணன் வீட்ட வித்துடலாம், அந்த பணத்துல கோயம்புத்தூர் பக்கம் சீனியர் வில்லா வாங்கிடலாம்ங்கறான். எனக்கு திருச்சிலயே பாக்கணும்னு. விசாரிச்ச இடத்துல எல்லாம் 25 ஆயிரத்துலேர்ந்து 60 ஆயிரம் வரைக்கும் சொல்றாங்க, எதுக்கு இவ்ளோ வித்தியாசம்னே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடவள்ளி வாசி

நான் கோயம்புத்தூர்தான், மாமனார் இங்க ஒரு ரிட்டயர்மெண்ட் கம்யூனிட்டில இருக்கார், அதனால இந்த ஊர் கதை கொஞ்சம் தெரியும். முதல்ல ஒண்ணு, உங்கண்ணன் சொல்ற வில்லாவும் நீங்க தேடற ஹோமும் ஒரே சாமான் இல்ல. இங்க வடவள்ளி, தொண்டாமுத்தூர் ரோடு பக்கம் இருக்கறதுல பெரும்பாலும் நல்லா நடமாடற ஆளுங்களுக்கு கட்டினது. வீட்ட விலைக்கு வாங்கணும், இல்லன்னா பெரிய டெபாசிட் போடணும், அப்புறம் மெஸ்ஸு, க்ளீனிங், செக்யூரிட்டிக்கு மாசா மாசம் தனி. ரிட்டயர் ஆனதும் புருஷன் பொண்டாட்டியா வந்து வாக்கிங் போயி பஜனைக்கு போயி இருக்கறவங்களுக்கு சொர்க்கம்தான், எங்க மாமனார் எங்க வீட்டுக்கு வரக்கூட மாட்டேங்கறார். ஆனா டிமென்ஷியான்னு சொன்னதும் நிறைய இடத்துல கையெடுத்து கும்பிட்டுடுவாங்க, இல்லன்னா சொந்தமா அட்டெண்டர் போட்டுக்கோங்கம்பாங்க. வில்லா விலை ஒரு பக்கம், மெயிண்டனன்ஸ் ஒரு பக்கம், ஆள் சம்பளம் ஒரு பக்கம்னு மூணு பக்கமும் போகும். அம்மாவுக்கு வேண்டியது கூட ஆள் இருக்கற இடம், அசிஸ்டட் லிவிங்னு சொல்லுவாங்க, இல்லன்னா மெமரி கேர், அதாவது மறதி நோய் உள்ளவங்களுக்குன்னே நடத்தற இடம்.

ரேட் வித்தியாசத்துக்கு காரணம் ரூம் இல்ல, ஆள்தான். 25 ஆயிரம் சொல்ற இடத்துல ஒரு அட்டெண்டர் எத்தன பேர பாக்கறாங்கன்னு கேளுங்க, ராத்திரில எத்தன பேருன்னு தனியா கேளுங்க, பாதி விஷயம் அதுலயே வெளிய வந்துடும். அப்புறம் நீங்க கேக்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, இப்ப நடக்கற அம்மா நாளைக்கு படுக்கைல விழுந்தா வச்சுப்பீங்களா, அப்ப ரேட் என்ன? இத வாயால சொல்றத நம்பாதீங்க, அக்ரிமெண்ட்ல எழுதி கேளுங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல பாட்டிக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஹோம்ல "பெட்ரிடன் கேஸ் நாங்க எடுக்கறதில்ல"ன்னுட்டாங்க, அந்த நேரத்துல எங்க போய் இடம் தேடுவாங்க சொல்லுங்க. டயப்பர், பிசியோ, ஆஸ்பத்திரிக்கு கூட வர்ற ஆள், இதெல்லாம் பில்லுல தனியா ஏறும். டெபாசிட்ட எப்ப எவ்ளோ பிடிச்சுட்டு திருப்பி தருவாங்கன்னும் பாத்துக்கோங்க.

ஜிஎஸ்டியும் கேளுங்க, நிறைய பேர் கேக்கறதே இல்ல. வருமான வரித்துறைல தர்ம ஸ்தாபனமா பதிவு இருக்கற ட்ரஸ்ட் நடத்தற முதியோர் இல்லம்னா 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு தங்கறது சாப்பாடு எல்லாம் சேத்து மாசம் 25 ஆயிரம் வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, 2018லேர்ந்து அப்படித்தான். கம்பெனி நடத்தற இடத்துல 18 சதவீதம் போட்டுடுவாங்க, 45 ஆயிரம்னு சொல்லி பில்லு 53 வந்து நிக்கும்.

ரிட்டயர்டு கேஷியர்

அம்மாடி, பணக் கணக்க நான் சொல்றேன், 36 வருஷம் பேங்க்ல இருந்தவன்.

எஃப்டில இருக்கற 35ல 30 லட்சத்த அம்மா பேர்ல சீனியர் சிட்டிசன் சேமிப்பு திட்டத்துல போடு, போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ. அதிகபட்சமே 30 லட்சம்தான், வட்டி இப்ப 8.2. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 வரும், மாசக்கணக்குல பாத்தா 20,500. பென்ஷனோட சேத்தா 44 ஆயிரத்து சொச்சம் ஆச்சு. மிச்சம் 5 லட்சம் எஃப்டிலயே இருக்கட்டும், அது ஆஸ்பத்திரிக்கு, அத தொடாத. அம்மாவுக்கு 80 முடிஞ்சதும் ஃபேமிலி பென்ஷன் அடிப்படைல 20 சதவீதம் கூடும், 85ல 30 ஆகும், அது தானா ஏறலன்னா வயசு ப்ரூஃப் குடுத்து பேங்க்ல கேளு, பேங்க் ரெக்கார்டுல பிறந்த தேதியே இல்லாத பாட்டிங்கள நான் நிறைய பாத்திருக்கேன். நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட்டுக்கு அம்மாவ அலைய விடாதீங்க, போன்ல முகத்த காட்டினா போதும், ஹோம்லேர்ந்தே முடிச்சுடலாம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, சேமிப்பு திட்டத்து வட்டி அஞ்சு வருஷத்துக்கு அதேதான், ஹோம் ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும். அதனால இன்னிக்கு 44 வருதுன்னு 44க்கு இடம் பாக்காத, 35 – 38க்குள்ள பாரு.

வீட்ட இப்ப விக்காதீங்க. அப்பா உயில் எழுதலன்னா அம்மா, அண்ணன், நீ மூணு பேருக்கும் சம பங்கு, முதல்ல தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்று வாங்கணும். அண்ணன் வெளிநாட்டுல இருக்கறதால அவர் பங்குக்கு டிடிஎஸ், அதாவது வரிய முன்னாடியே, பிடிப்பாங்க, அது ஒரு தனி தலைவலி. வாடகைக்கு விடுங்க, வர்ற வாடகை ஃபீஸ் ஏற்றத்துக்கு ஈடாகும். ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு, வீட்ட அடகு வச்சு பேங்க்லேர்ந்து மாசா மாசம் பணம் வாங்கறத, யாராவது சொன்னா காதுல வாங்காத, அது அந்த வீட்லயே குடியிருக்கறவங்களுக்கு உள்ளது, வீட்ட விட்டு ஹோமுக்கு போறவங்களுக்கு ஒத்து வராது.

இப்ப முக்கியமானதுக்கு வரேன், இத இந்த மாசமே செய்யணும். அம்மா இன்னும் புரிஞ்சு கையெழுத்து போடறாங்களா? போடறாங்கன்னா சேவிங்ஸ் அக்கவுண்ட்ல உன்ன "ஐதர் ஆர் சர்வைவர்"னு, அதாவது ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம்னு, சேத்துடு; பென்ஷன் வர்ற அக்கவுண்ட்ல பொண்ண சேக்க விடலன்னா வேற அக்கவுண்ட்ல சேத்துக்கோ. பவர் எழுதி வாங்கினா போதும்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நம்ம சட்டத்துல எழுதிக் குடுத்தவங்க புத்தி தெளிவு போயிடுச்சுன்னா அந்த பவரும் செல்லாது. அதுக்கப்புறம் பேங்க்ல கையெழுத்து ஒத்துப் போகாது, ஹைகோர்ட்டுக்கு போய் கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வான்னு சொல்லுவாங்க, பணம் லாக்காகி கிடக்கும், ஹோமுக்கு நீ கைக்காசுல கட்டணும். உயில் எழுதணும்னாலும் இப்பவே, டாக்டர் சர்டிபிகேட்டோட ரிஜிஸ்டர் பண்ணிடுங்க.

உறையூர் சித்தி

ஹோம் எதுக்கு, வீட்லயே ஆள் போட்டா என்ன? நாங்க எங்க மாமியார அப்படித்தான் பாத்தோம். ஏஜென்சில தங்கி பாக்கற ஆள் கெடைக்கறாங்க, மாசம் 22 – 25 ஆயிரம், பழகின வீடு, பழகின கோயில், டிமென்ஷியாவுக்கு இடம் மாத்தறதே ஆகாதும்பாங்க.

நைட் ட்யூட்டி

சித்தி சொல்றது தப்பில்ல, ஆனா அங்க மாமியாரோட நீங்க இருந்தீங்க. இங்க யாருமே ஊர்ல இல்ல. தனியா இருக்கற வயசானவங்களும் ஒரு ஏஜென்சி ஆளும் மட்டும் இருக்கற வீட்ல, அந்த பொண்ணு லீவு போட்டா, சொல்லாம கெளம்பிட்டா, பெங்களூர்லேர்ந்து இவங்க என்ன பண்ணுவாங்க? நான் ஸ்டாஃப் நர்ஸ், ரெண்டு மூணு ஹோம்ல வேலை பாத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஹோம் பாக்க போறப்ப அவங்க சொல்ற நேரத்துக்கு போகாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஏழு எட்டு மணிக்கு சொல்லாம போங்க. டிமென்ஷியா உள்ளவங்களுக்கு பொழுது சாஞ்சா தான் பதட்டம் ஜாஸ்தியாகும், அந்த நேரத்துல யாரு அவங்களோட உக்காந்து பேசறாங்க, இல்ல கட்டில்ல கட்டிப்போட்டு தூக்க மாத்திரையா, கண்ணால பாத்துடலாம். அட்டெண்டர்கிட்ட எவ்ளோ மாசமா இங்க இருக்கீங்கன்னு சும்மா பேச்சு குடுங்க, எல்லாரும் புதுசா இருந்தா அங்க ஆள் தங்கறதில்லன்னு அர்த்தம். மாசா மாசம் எடை எழுதறாங்களான்னு ரெஜிஸ்டர காட்ட சொல்லுங்க, சாப்பிடலன்னு முதல்ல சொல்றது எடைதான். திடீர்னு ஒரு நாள் குழப்பம் அதிகமானா டிமென்ஷியா முத்திடுச்சுன்னு விட்டுடறாங்க, பல நேரம் அது யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கும், இல்ல சோடியம் கொறஞ்சிருக்கும், டெஸ்ட் எடுக்க யாரு கூட்டிட்டு போவாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பதிவு பண்ண இடமான்னும் பாருங்க, பதிவு இல்லன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம்.

கோயம்புத்தூர் வேணாம்னுதான் நானும் சொல்லுவேன், காரணம் வேற. ரயில்வே ஃபேமிலி பென்ஷனர்னா பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரில மருந்து, டாக்டர் எல்லாம் கெடைக்கும்ல, மெடிக்கல் கார்டு இருக்குல்ல? அம்மா ஃபைல் அங்கதான் இருக்கும், அத விட்டுட்டு ஊர் மாறி, அங்க உள்ள ரயில்வே ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலன்னா மாத்திரைக்கே மாசம் நாலஞ்சாயிரம் கைய விட்டு போகும். ஹோம் ஃபீஸுக்கு எந்த ஹெல்த் இன்ஷூரன்ஸும் வராது, 70 வயசுக்கு மேல எல்லாருக்கும்னு 2024ல வந்த அந்த 5 லட்சம் கார்டும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான்.

பொன்மலைப் பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ விஷயம் இருக்குன்னு தெரியவே தெரியாது. கேஷியர் சார், அம்மா இப்ப கையெழுத்து போடறாங்க, ஆனா காலைலன்னா தெளிவா இருக்காங்க, மத்தியானத்துக்கு மேல எதுக்கு போடறோம்னு திரும்ப திரும்ப கேக்கறாங்க. அண்ணன் ஒத்துக்கிட்டான், வீட்ட விக்கறத தள்ளி வச்சாச்சு. ஆனா ஒரு சொந்தக்காரர் "வீட்ட உன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கோ, நீதானே பாத்துக்கற"ங்கறார், அது சரியா?

ரிட்டயர்டு கேஷியர்

வேணாம்மா. அந்த வீட்ல அம்மாவுக்கு வர்றது மூணுல ஒரு பங்குதான், அதையும் இந்த நிலைமைல எழுதி வாங்கினா நாளைக்கு அண்ணனே கேள்வி கேப்பார். 2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல 23வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்குவேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு பாக்கலன்னா அந்த பத்திரத்தையே ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர், கிட்ட ரத்து பண்ணலாம். நீ அப்படி பண்ண மாட்ட, ஆனா குடும்பத்துல சண்டைன்னு வந்தா முதல்ல இழுக்கறது அததான். அம்மா பங்கு அம்மாகிட்டயே இருக்கட்டும்.

பேங்குக்கு காலைல பத்து மணிக்கு கூட்டிட்டு போ, முன்னாடி நாளே மேனேஜருக்கு போன் பண்ணி சொல்லிடு, கூட்டம் சேர்றதுக்குள்ள முடிச்சுடுவார். பென்ஷன் புக்கு, ஆதார், பான், அப்பாவோட டெத் சர்டிபிகேட் ரெண்டு காப்பி, உன்னோட ஆதாரும் பானும் எடுத்துக்கோ. போட்டோவும் மறந்துடாத, உன்னோடது ரெண்டு அம்மாவோடது ரெண்டு.

நைட் ட்யூட்டி

ஹோம் பேர் முடிவானா இங்க போடாதீங்க, எனக்கு தனி மெசேஜ்ல சொல்லுங்க, நான் திருச்சிலதான் இருக்கேன், ஒரு ஞாயித்துக்கிழமை போய் பாத்துட்டு சொல்றேன்.