எர்த் மாற்றிய எம்ஜிபி: டாக்கோமீட்டர் செத்துப்போச்சா?

1966 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருப்பது) நெகட்டிவ்வாக மாற்றி, டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டாயிற்று. சார்ஜ் ஏறுகிறது, என்ஜின் ஓடுகிறது. என்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரின் முள் மட்டும் பூஜ்ஜியத்திலேயே படுத்துக் கிடக்கிறது. "மீட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்று ஆளாளுக்கு ஒரே பாட்டு. ஒன்றும் போகவில்லை. அது ஆர்விஐ வகை. ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் மீட்டரின் முதுகில் வளையமாகச் சுற்றிப் போகும், அந்தக் கரண்ட்டின் துடிப்பைத்தான் மீட்டர் எண்ணுகிறது. வளையத்தை எதிர்த்திசையில் சுற்றி, உள்ளே சப்ளைக்கும் எர்த்துக்கும் போகும் இணைப்புகளை இடம் மாற்றியதும் முள் எழுந்துவிட்டது.

---

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். காயிலை விட்டுவிட்டீர்களே! எஸ்டபிள்யூ (சுவிட்ச் பக்கம்), சிபி (காயில் கரண்ட்டை வெட்டிவிடும் பாயின்ட் பக்கம்) என்று குறித்த பழைய காயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட வேண்டும். போடாவிட்டாலும் வண்டி ஓடும், அதுதான் வில்லங்கம். ஸ்பார்க் தலைகீழாகி, அதிக ஆர்பிஎம்மில் மிஸ் ஆகும். பழியெல்லாம் கார்புரேட்டர் மேல் விழும். டைனமோவை வைத்துக்கொண்டே எர்த் மாற்றுகிறவர்கள் அதற்கும் புதிய போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் திசை) ஏற்ற வேண்டும்: டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து (எர்த்தில் இணையாத முனை) ஒரு வயரை எடுத்து, சிறிய எஃப் முனையில் சில தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும்.

---

காயில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பின்னாளில் வந்த ரப்பர் பம்பர் வைத்த எம்ஜிபி ஒன்றில் புதுக் காயில் சுட்டுப் பொசுங்கியது, பாயின்ட்டும் கரிந்தது. அந்த வண்டிகளுக்கு ஃபேக்டரியிலேயே பேலஸ்ட் உண்டு, காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ். ஆனால் தனி உறுப்பாகக் கண்ணில் படாது, லூமுக்குள் (வயர்க் கட்டு) ஓடும் பிங்க்-வெள்ளை ரெசிஸ்டன்ஸ் வயர்தான் அது. யாரோ பழைய மாடல் லூமை மாட்டியதில் அது போய்விட்டது, 1.5 ஓம் காயில் நேரே 12 வோல்ட்டில் வெந்தது. ஏற்கெனவே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தார்கள், பாயின்ட் திறந்திருந்தபோது! அப்போது கரண்ட் ஓடாது. பேலஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12தான் காட்டும். பாயின்ட்டை மூடி, இக்னிஷன் போட்டு, காயிலின் பிளஸ்ஸில் பாருங்கள். சுமார் 6 என்றால் பேலஸ்ட் இருக்கிறது, 1.5 ஓம் காயில் போடலாம். பேட்டரி அளவே வந்தால் 3 ஓம் காயில். பார்த்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள், மூடிய பாயின்ட்டில் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும்.