ஹென்றி சிலை முன்னால் நின்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நைட் ஷிப்ட், லண்டன்:
ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே இருக்கும், அந்தக் கிளப்பின் பழைய வீரர் தியரி ஹென்றியின் சிலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக உறுத்துகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாட்ச் இல்லாத நாள். இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தேன், மூன்று மணிக்கு மகளைப் பள்ளியில் ஏற்ற வேண்டும், கண் இரண்டும் எரிகிறது. அப்பா மெதுவாகப் போய் அந்த வெண்கல முழங்காலில் உள்ளங்கையை வைத்தார். பெப்ரவரிக் குளிர், தொட்டாலே கை விறைக்கும், ஆனால் எடுக்கவில்லை. "உவன் ஏன் தம்பி முட்டுக்கால்ல நிக்கிறான்? ஆரிட்ட மன்னிப்புக் கேக்கிறான்?" என்று கேட்டார். நான் "பிறகு சொல்றன் அப்பா, நேரம் போட்டுது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு சொல்லவே இல்லை. இப்போது அவருக்குக் காது நன்றாக மந்தம், தொலைபேசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கே மூன்று தடவை கத்த வேண்டியிருக்கிறது.

மழைக்காகம், சென்னை:
அலுவலக வேலையாக இரண்டே நாள் போயிருந்தேன், இருட்டுகிற நேரத்தில் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். மழை விட்டிருந்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், முதுகில் ஹென்றியின் எண் 14, சிலைக்குப் பக்கத்திலேயே ஈரத் தரையில் முட்டி போட்டு அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்கிறான். அவன் அம்மா போட்டோ எடுத்து முடித்துக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று தெரியவில்லை, நானும் நகராமல் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் ஆர்சனல் என்றால் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வருகிறான். அப்புறம் நைட் ஷிப்ட், உங்கள் அப்பா கேட்டதில் தப்பே இல்லை. ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியில் கடைசி மாட்சில் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டாரே, அதைத்தானே சிலையாக வைத்திருக்கிறார்கள்?

பழைய கோல்கீப்பர்:
இல்லை மழைக்காகம், அது வேறு. மண்ணை முத்தமிட்டது 2006 மே 7, விகன் அணியுடன், 4-2, ஹென்றிக்கு ஹாட்ரிக். சிலையில் இருப்பது 2002 நவம்பர் 16, பக்கத்து எதிரி அணியான டாட்டன்ஹாமுடன் ஹைபரியில் ஆடிய மாட்ச். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, துரத்தி வந்தவர்களை எல்லாம் தாண்டி, இடது காலால் அடித்தார். அடித்துவிட்டு அங்கேயே நிற்காமல், மைதானத்தின் மறு கோடி வரைக்கும் ஓடி, டாட்டன்ஹாம் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் முழங்காலில் சறுக்கினாரே, அந்தச் சறுக்கல். வணக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தெரியாமல் எழுதாதீர்கள், படிக்கிறவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள்.

என் கதை சின்னது. நான் ஹென்றியிடம் போகவே இல்லை, இன்னொரு ஆர்சனல் வீரர் பெர்க்காம்பின் சிலைக்குக் கீழே நின்று, காலைத் தூக்கிப் பந்தை இறக்குகிற அந்த உடம்பை அண்ணாந்து பார்த்தேன். கோல்கீப்பராக நின்ற எனக்கு, இந்தப் பந்து அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று வயிறு கலங்கியது. அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாட்ச் நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் சிலையின் முதுகுதான் தெரியும். பிக்கடிலி லைனில் ஆர்சனல் ஸ்டேஷனில் இறங்குங்கள். முன்பு அதற்கு கில்லெஸ்பி ரோடு என்று பெயர், 1932இல் மாற்ற வைத்தவர் அப்போதைய ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். அவருக்கும் சிலை உண்டு, மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும். சாப்மன், பழைய கேப்டன் டோனி ஆடம்ஸ், ஹென்றி மூன்றையும் கிளப்பின் 125ஆம் ஆண்டுக்காக 2011 டிசம்பரில் ஒன்றாகத் திறந்தார்கள். முதலில் சிலைகளுக்குப் போகாதீர்கள், ஏவனெல் ரோட்டுக்குப் போய்ப் பழைய ஹைபரியின் கிழக்கு ஸ்டாண்டு முகப்பைப் பாருங்கள். உள்ளே இப்போது அடுக்குமாடி வீடுகள், ஆடுகளம் இருந்த இடம் தோட்டம். அவர் சறுக்கிய புல் அங்கேதான் இருந்தது, சிலை நிற்கிற இடத்தில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நடந்து வந்தால்தான் சிலை என்ன சொல்கிறது என்று புரியும். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆடிக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சிலை வைத்ததில் எனக்குச் சம்மதமே இல்லை, அப்போது அவர் நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். ஓய்வு அறிவித்தது 2014இல்தான். பொறுத்திருக்கலாம்.

மான்செஸ்டர் மாணவி:
கோல்கீப்பர் அண்ணா, பொறுத்திருந்தால் அந்த ஜனவரி கிடைத்திருக்குமா? சிலை திறந்து ஒரு மாதம்தான், 2012 ஜனவரி 9, நியூயார்க்கிலிருந்து லோனில் (தற்காலிகமாக) ஆர்சனலுக்குத் திரும்பி வந்து லீட்ஸுடன் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பத்தே நிமிடத்தில் கோல். வெளியே வெண்கலத்தில் ஒரு ஹென்றி, உள்ளே வியர்வையோடு ஒரு ஹென்றி. வேறு எந்த மைதானத்துக்கு அப்படி வாய்த்தது?

நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகை. எங்கள் மைதானம் ஓல்ட் டிராஃபர்ட் வாசலில் பழைய வீரர்கள் பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் சேர்ந்து நிற்கிற சிலை. 2025 ஜனவரியில் டெனிஸ் லா இறந்த பிறகு போனேன். கீழே முழுக்க ஸ்கார்ஃபும் பூவும். வயதான ஒருவர் குனிய முடியாமல், தன் ஸ்கார்ஃபை என் கையில் கொடுத்து, வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கம்பளி கழுத்துச் சூட்டோடு இருந்தது. யுனைடெட் வென்ற 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போது லா முழங்கால் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் ஆடவே இல்லை. நாற்பது வருடம் கழித்து 2008இல் அந்த வெற்றியின் நினைவாகச் சிலை திறந்தபோது அவரை நடுவில் நிறுத்தினார்கள். அந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நைட் ஷிப்ட், லண்டன்:
கோல்கீப்பர், ஏவனெல் ரோடு எனக்குத் தெரியும், வாரத்தில் மூன்று நாள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அப்பாவுக்கு இனி விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கண் நன்றாகத் தெரியும், பேப்பர் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். நீங்கள் எழுதிய அந்த மாட்ச் வரிகளை அப்படியே பெரிய எழுத்தில் எடுத்து எழுதுகிறேன், இடது காலால் அடித்தது, மறு கோடி வரை ஓடியது எல்லாம். சிலையில் அவர் கை வைத்திருக்கிற போட்டோ ஒன்று மனைவியின் போனில் இருக்கிறது, அதையும் பிரிண்ட் போட்டுச் சேர்த்து அனுப்புகிறேன். அன்று ஆர்சனல் அடித்த மூன்று கோலில் இது முதலாவதுதானே? சரியாகச் சொல்லுங்கள், அப்பா அதைத்தான் முதலில் கேட்பார்.

பழைய கோல்கீப்பர்:
முதல் கோல். ஆட்டம் 3-0.