பழைய மினி டிராக்டர்: கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியா?

தோப்புக்காரன்:
வணக்கம் நண்பர்களே. 25 எச்.பி. அளவில் பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சாதாரண கியர் வண்டி. இன்னொன்று ஹைட்ரோஸ்டாட்டிக், கிளட்ச் மிதிக்காமல் பெடலிலேயே முன்னும் பின்னும் போவது. இரண்டிலும் ஹவர் மீட்டர் இதுவரை ஓடியது 1,800 மணி நேரத்தை ஒட்டித்தான் காட்டுகிறது. வேலை என்றால் மரங்களுக்கு நடுவே புல் வெட்டுவது, முன்னால் லோடர் மாட்டி எரு அள்ளுவது, வருடத்தில் ஓரிரு முறை பக்கத்து நிலத்தில் மண்ணைக் கிளற ரோட்டவேட்டர் ஓட்டுவது. பெரும்பாலும் ஓட்டப் போவது அப்பா. அவருக்கு இடது முழங்காலில் வலி உண்டு. ஹைட்ரோஸ்டாட்டிக் கெட்டால் அவ்வளவுதான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதை எடுக்கலாம்?

உழவுக்காரர்:
கண்ணை மூடிக்கொண்டு கியர் வண்டி எடுங்கள். ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ.வில், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டில், சக்தி வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் அதில் ஒரு பங்கு ஆயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும். கியர்பாக்ஸ் என்றால் எந்த மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார்.

ஸ்பேனர்:
உழவுக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது நாள் முழுக்க உழுகிறவருக்கான பதில். சக்தி இழப்பு எவ்வளவு என்று பார்த்தால், குபோட்டா எல்2501 டிராக்டர் இரண்டு வகையிலும் வந்தது. ஒரே இன்ஜின்தான். பி.டி.ஓ.வில் கியர் வண்டிக்கு 20.5 எச்.பி., ஹைட்ரோஸ்டாட்டிக்குக்கு 19. வருடத்தில் ஓரிரு முறை ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர் அந்த ஒன்றரை எச்.பி.க்காகக் கவலைப்பட வேண்டாம்.

லோடர் வேலையை யோசியுங்கள். குவியலுக்குள் போக வேண்டும், பின்வாங்க வேண்டும், திரும்பிப் போய்க் கொட்ட வேண்டும், மறுபடி வர வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் திசை மாறிக்கொண்டே இருக்கும். கியர் வண்டியில் அத்தனைக்கும் இடது கால்தான். அப்பாவின் முழங்கால் தாங்காது, கிளட்ச் பிளேட்டும் தாங்காது. லோடர் மாட்டி ஓடிய கியர் வண்டிகள் என்னிடம் அதிகம் வருவது கிளட்ச் வேலைக்குத்தான். பிளேட் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் மாயம் ஒன்றும் இல்லை. இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்புக்குள் இருக்கும் பிஸ்டன்கள் ஒரு சாய்வுத் தட்டில் அழுந்தி ஓடுகின்றன. பம்பு தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுற்றி, அது சக்கரத்தை ஓட்டுகிறது. பெடல் அந்தத் தட்டின் சாய்வை மாற்றுகிறது. தட்டு நேராக நின்றால் ஆயில் போகாது, வண்டி நிற்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். இதற்கு உயிர் ஆயில்தான். நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய வண்டி பல ஆயிரம் மணி நேரம் ஓடும். மாற்றாததில் பம்பு தேயும். பம்பு போனால் செலவு பெரிது, அதில் உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொல்வது சரி.

அதனால் பார்க்கப் போகும்போது, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் ஆயில் குச்சியை (இன்ஜின் ஆயில் குச்சியை அல்ல) உருவிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கருகின வாடை வந்தால் ஆயில் சூட்டில் வெந்திருக்கிறது. அப்புறம் வண்டியை நன்றாக வேலை வாங்குங்கள், அவசரமே படாதீர்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்பும் ஒழுங்காக ஓடும். ஆயில் சூடேறி நீர்த்த பிறகுதான் உள்ளே கசிவது தெரியும். அந்த நேரத்தில் வேகம் குறைந்த லோ ரேஞ்சில் போட்டு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். இன்ஜின் சத்தம் அப்படியே இருக்க, வண்டி மட்டும் சோர்ந்து நின்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மெல்லிய விசில் மாதிரி இரைச்சல் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், இந்த வண்டிகளின் குணமே அது.

கியர் வண்டியையும் விடாமல் பாருங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு கியராகப் போட்டு ஆக்சிலேட்டரைக் கொடுத்தும் விட்டும் ஓட்டுங்கள். லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. விற்கிறவர் லீவரைப் பிடித்தபடியே ஓட்டிக் காட்டினால் கையை எடுக்கச் சொல்லுங்கள்.

ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், அது மாற்றக்கூடிய பொருள். பெடல் ரப்பர், சீட், லோடர் பின்களின் ஆட்டம், இவை பொய் சொல்லாது.

மேட்டுநிலம்:
நடுவழி ஒன்று இருக்கிறது. ஷட்டில் வண்டி. ஸ்டியரிங் பக்கத்து லீவரை முன்னே தள்ளினால் ஃபார்வர்ட், பின்னே இழுத்தால் ரிவர்ஸ். ஆனால் மெக்கானிக்கல் ஷட்டில் என்றால் கிளட்ச் மிதித்தே ஆக வேண்டும். பவர் ஷட்டிலில்தான் கால் ஓயும். இன்னொன்று: ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியைச் சரிவில் அணைத்துவிட்டு இறங்கினால் அது மெல்ல நகரும். கியரில் போட்டு நிறுத்திப் பழகியவர் அப்பா என்றால், பார்க்கிங் பிரேக் போடும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள்.

தோப்புக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும்தான். ஹைட்ரோஸ்டாட்டிக்கைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். அப்பாவையே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். படிந்தால் என் பெரிய டிராக்டரில் கட்டி இழுத்து வந்துவிடலாமா?

ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஓடாமல் சக்கரம் சுற்றினால் மோட்டார் பக்கம் ஆயில் இல்லாமல் உரசும். இரண்டடி நகர்த்துவதாக இருந்தாலும் ரேஞ்ச் லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அப்புறம், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளை இடிக்கிறது என்று தோப்பு வண்டிகளில் பலர் கழற்றிப் போட்டிருப்பார்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காப்பது அதுவும் சீட் பெல்ட்டும்தான். விற்கிறவர் கொட்டகையில் கிடந்தால் கேட்டு வாங்கி மாட்டிவிட்டுத்தான் அப்பாவை ஏற்றுங்கள்.