பெண்பிள்ளைகள் வேதபாட வகுப்பில் நற்குணங்களைக் கற்பிப்பது எப்படி? (எல்லைப்பக்க சபை, 11–15 வயது)

கேள்வி: குழித்துறைக்காரி

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம். தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு சின்ன சபை. சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்குப் பெண்பிள்ளைகள் வேதபாடம். மொத்தம் 14 பேர். பாதிப்பேர் தமிழ் மீடியம். மீதிப்பேர் அந்தப்பக்கம் மலையாளம், இங்கிலீஷ் மீடியம் படிக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார்கள்.

ஜூனில் கலாத்தியர் 5:22-23 (ஆவியின் கனியாக வரும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்) எடுத்து வாரத்துக்கு ஒரு குணம் என்று ஒன்பது வாரம் நடத்தலாம் என்று நினைக்கிறேன். சந்தேகங்கள் மூன்று. இந்த வரிசையிலேயே போகலாமா? இரண்டு மொழிப் பிள்ளைகளையும் ஒன்றாக எப்படிக் கொண்டுபோவது? சுவரில் பெயர் எழுதி ஸ்டார் ஒட்டும் சார்ட் நல்லதா? பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைக்கு அடக்கம் சொல்லிக்கொடுங்க." அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஒன்பதுசுளை

தங்கச்சி, ஒன்பது வாரம் ஒன்பது குணம் என்ற கணக்கிலேயே தடுக்கும். வசனத்தில் "கனிகள்" இல்லை, "ஆவியின் கனியோ" என்று ஒருமை. கிரேக்க மூலத்திலும் கார்ப்பொஸ் என்று ஒருமைதான். ஒன்பது பழமாகப் பிரித்து மாட்டினால் "எனக்குப் பொறுமை, அவளுக்குத் தயவு" என்று பிள்ளைகள் பங்கு வைத்துக்கொள்ளும். முதல் வகுப்புக்கு ஒரு சக்கை (பலாப்பழம்) போதும். பழம் ஒன்று, சுளை பல, எல்லாம் ஒரே தண்டைப் பிடித்திருக்கிறது. எட்டுக் கிலோச் சக்கை 14 பேருக்குத் தாராளம். சுளை உறுதியான வருக்கையாகப் பாருங்கள், கூழன் கையிலேயே குழைந்துவிடும். ஜூன் இரண்டாம் வாரத்தைத் தாண்டவேண்டாம், மழை குடித்த சக்கை சப்பென்று இருக்கும். கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவி வகுப்புக்கு முன்பே கீறி வைத்துவிடுங்கள். வகுப்பில் வைத்து வெட்டினால் பிசினைத் துடைப்பதிலேயே பாதிநேரம் போகும்.

அடுத்து, ஒன்பதையும் எடுக்கவேண்டாம். தயவு, விசுவாசம், நீடியபொறுமை, சாந்தம், இச்சையடக்கம் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு வாரம் கொடுங்கள். அன்புக்குத் தனி வாரம் வைத்தால் "எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்" என்பதோடு நின்றுவிடும். செய்தார்களா என்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஐந்துக்குள்ளும் அது வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வாரத்தில் முதல் வாரம் வேதத்திலிருந்து ஒரு ஆள், ஒரு காட்சி. முடிவில் ஒரு செயல் கொடுத்து அனுப்புங்கள். மறுவாரம் அந்தச் செயலைச் செய்யவிடாமல் எது தடுத்தது என்ற பேச்சு மட்டும். உண்மையான பாடம் நடப்பது இந்த இரண்டாம் வாரத்தில்தான். நேரமில்லை என்று பல இடத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு மணிநேரத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் 10 நிமிடம், காட்சிக்கு 20, பிள்ளைகள் நடித்துப் பார்க்க 15, மீதி பேச்சுக்கு. நீங்கள் தொடர்ந்து பேசுவது ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசையில் கிசுகிசு தொடங்கும்.

செயல் எப்படி இருக்கவேண்டும்? ஒரு ஆளிடம், ஒரு தடவை, ஒரே நாளில் முடிகிறதாக. "தயவாயிரு" என்பது செயல் அல்ல. "மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாக இருக்கிற பிள்ளையிடம் போய், ஒருநாள் அவளோடு இருந்து சாப்பிடு" என்பது செயல்.

தயவுக்கு ரெபெக்காள், ஆதியாகமம் 24. வெறுமனே கதையாகச் சொன்னால் "தண்ணீர் கொடுத்தாள்" என்று முடிந்துபோகும், ஆகவே கணக்குப் போடுங்கள். வழிவந்த ஊழியக்காரனின் பத்து ஒட்டகங்களுக்கும் அவளே மொண்டு ஊற்றுகிறாள். நன்றாகத் தாகித்த ஒட்டகம் ஒரே இருப்பில் 100 லிட்டருக்கு மேலும் குடிக்கும். பாதி, 50 லிட்டர் என்றே வையுங்கள், 500 லிட்டர் ஆயிற்று. 12 லிட்டர் குடமானால் 42 தடவை. அதிலும் அவள் துரவில் (கிணற்றில்) இறங்கி நிரப்பி ஏறிவருகிறாள் என்று 16-ஆம் வசனம். உங்கள் 14 பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று குடம் எடுத்தால் சரியாக 42. குழாயடியிலிருந்து ஒவ்வொரு குடம் எடுத்துவரச் சொல்லி, தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள். "இன்னும் 28 இருக்கு" என்று சொல்லும்போது முகங்களைப் பாருங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு அரைக்குடம் போதும். யாராவது வயிற்றுவலி என்றால் காரணம் கேட்காமல் உட்காரவிடுங்கள்.

சார்ட் வேண்டவே வேண்டாம். யார் பெயருக்கு நேரே ஸ்டார் இல்லையோ அந்தப் பிள்ளை மூன்றாம் வாரம் வராது. வருகிறவளும் ஸ்டாருக்காகப் பொய் சொல்லப் பழகுவாள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3-ஐச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதையே சுவரில் ஒட்டுவது என்ன நியாயம்? வாசலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் வையுங்கள். செய்தவள் உள்ளே வரும்போது ஒரு கொட்டை போடட்டும். யார் போட்டார்கள் என்று பார்க்காதீர்கள், வகுப்பின் மொத்தத்தை மட்டும் எண்ணுங்கள். முதல் வாரம் 14 பேருக்கு 5 விழுந்தால் நல்ல கணக்கு. 14 விழுந்தால் செயல் ரொம்ப லேசு, இல்லாவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ரப்பர் கொட்டை சும்மா கிடைக்கிறதே என்று அதை வைக்காதீர்கள். கூடவரும் தம்பிமார் உடைத்து வாயில் போடுவார்கள். பச்சையாகத் தின்றால் விஷம்.

பதில்: நெய்யாற்றங்கரை வாசகி

மொழி விஷயம் மட்டும் சொல்கிறேன். இரண்டு வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்தால் அதுவே பாதிப் பாடம். மலையாளத்தில் இதே வரிசை: சிநேகம், சந்தோஷம், சமாதானம், தீர்க்கக்ஷம, தய, பரோபகாரம், விஸ்வஸ்தத, சௌம்யத, இந்திரியஜயம்.

ஏழாவதைப் பாருங்கள். தமிழில் "விசுவாசம்" என்றதும் பிள்ளைகள் "இயேசுவை நம்புவது" என்று ஒப்பிக்கும். கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். அதற்கு நம்பிக்கை, நம்பத்தகுந்த தன்மை என இரண்டு பொருளும் உண்டு. குணங்களின் பட்டியலில் வருவதால் இரண்டாவதே பொருந்தும் என்று பலரும் கொள்கிறார்கள், மலையாளத்தில் "விஸ்வஸ்தத" என்று வருவதும் அதுவே. சொன்ன சொல்லில் நிற்பது, ஒப்படைத்ததைப் பத்திரமாய்த் திருப்பிக்கொடுப்பது. மலையாளம் படிக்கிற பிள்ளையை எழுப்பி இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசித்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள் அன்றைக்கு வகுப்புக்கே டீச்சர்.

இதற்குச் செயலாக வகுப்புக் காணிக்கைக் கணக்கைக் கொடுக்கலாம். ஒரு நோட்டு, முன்னிருப்பு, வரவு, செலவு, மீதி. ஒருத்திக்கு நான்கு வாரம், பிறகு அடுத்தவளுக்கு. தொகை வாரம் 70 ரூபாயாக இருந்தாலும் சரி, எண்ணிக் கையெழுத்துப் போட்டு மாற்றவேண்டும். லூக்கா 16:10-ஐ அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும். 5 ரூபாய் குறைந்தால் நீங்கள் உங்கள் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டாதீர்கள். "5 குறைகிறது" என்று எழுதவையுங்கள்.

மாறிப்போகும் சொல் ஒன்று: க்ஷம. மலையாளத்தில் அது பொறுமைக்கும் மன்னிப்புக்கும் பொது. "க்ஷமிக்கு" என்று கேட்டுப் பழகிய பிள்ளை நீடியபொறுமையை மன்னிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். நீடியபொறுமை என்றால் கோபம் வரத் தாமதிப்பது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மனப்பாடத்துக்கு அரைத்தாள் அச்சிடும்போது தமிழ் வசனத்தையே மலையாள எழுத்திலும் கீழே போடுங்கள். சபையில் எல்லாரும் சொல்லும் வசனம் அவளுக்கும் வாயில் வரவேண்டும். மலையாள வசனத்தைத் தனியே கொடுத்தால் ஒரே வகுப்பு இரண்டு வகுப்பாகிவிடும்.

பதில்: பழைய டீச்சர்

பெற்றோர் கேட்கிற அடக்கத்துக்கு வருகிறேன் மக்களே. சாந்தம் என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று நம் வீடுகளில் பொருள் வைத்திருக்கிறார்கள். வேதத்தில் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று பேர் வாங்கியவர் மோசே, எண்ணாகமம் 12:3. பார்வோன் முன்னால் போய் நின்ற அதே ஆள். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்" என்று மத்தேயு 11:29-இல் சொன்ன இயேசு, தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவர். இரண்டுபேரும் ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாந்தம் பெண்பிள்ளைக்கு மட்டும் தைத்த பாவாடை அல்ல.

காட்சிக்கு எண்ணாகமம் 27. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மோசே, எலெயாசார், பிரபுக்கள், சபை அனைத்துக்கும் முன்பாகக் கூடாரவாசலில் நின்று தகப்பனின் காணியில் பங்கு கேட்கிறார்கள். கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். நடிக்கும்போது மூன்று கட்டுப்பாடு வையுங்கள்: கத்தக்கூடாது, அழக்கூடாது, காரணத்தோடு ஒரே வாக்கியத்தில் கேட்கவேண்டும். இது தோன்றுகிற அளவுக்கு லேசு அல்ல. முதல் தடவை பெரும்பாலும் சிரிப்பில் முடியும், மூன்றாம் தடவை குரல் நிமிரும்.

மூத்த பிள்ளைகள் இருந்தால் இந்த மண்ணின் கணக்கையும் தொடலாம். 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே ரத்தாகிவிட்டது, 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. ஐந்து நிமிடம் போதும், சொத்துத் தகராறு உள்ள வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

"குணசாலியான ஸ்திரீ" என்று நீதிமொழிகள் 31:10-ஐ அன்னையர் ஞாயிறு தோறும் வாசிக்கிறோம். அங்கே உள்ள எபிரெயச் சொல் ஹயில்: பலம், திறம். நியாயாதிபதிகள் 6:12-இல் கிதியோனைப் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுவதும் இதே ஹயிலை வைத்துத்தான். ரூத் 3:11-இல் ரூத்துக்கும் இதே சொல். "அடக்கம் சொல்லிக்கொடுங்க" என்று வருகிற அம்மாவிடம் இந்த மூன்று வசனத்தையும் திறந்து காட்டுங்கள், வாதாடவேண்டாம்.

பதில்: மருந்துக்கடை மூலை

இச்சையடக்கத்துக்குத் தானியேல் 1-இன் பத்து நாள் சோதனை (ராஜாவின் போஜனத்தை விட்டு மரக்கறியும் தண்ணீரும் மட்டும்) நல்ல பொருத்தம். ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும் பத்து நாளாக ஆக்காதீர்கள். இந்த வயதில் இரத்தசோகை சாதாரணம், "குண்டாயிருக்கே" என்ற பேச்சுக்குப் பயந்து ஏற்கெனவே காலைச்சாப்பாட்டை விடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அது சாக்காகிவிடும். இரவு 9 மணிக்குமேல் போனை வீட்டு ஹாலில் வைப்பது, கோபத்தில் வாட்ஸ்அப் பதிலை எழுதி மறுநாள் காலை வரை அனுப்பாமல் இருப்பது மாதிரி வையுங்கள். "இச்சை" என்ற சொல்லுக்கு வகுப்பில் சிரிப்பு எழும். "தன்னடக்கம்" என்று தொடங்கி, நீதிமொழிகள் 25:28-இன் மதிலிடிந்த பட்டணத்தைக் காட்டிவிட்டு, பிறகு வசனத்துச் சொல்லுக்கு வரலாம்.

கேள்வி கேட்டவர்: குழித்துறைக்காரி

எல்லாருக்கும் நன்றி. "எது தடுத்தது" என்று பேசவிட்டால் வீட்டு விஷயம் வெளியே வருமே? ஜெபக்குறிப்பு என்று சொன்னது மறுநாள் ஊர்க்கதை ஆகிவிடும் பயமும் உண்டு. யாராவது பெரிய விஷயம் சொல்லிவிட்டால்?

பதில்: பழைய டீச்சர்

ஜெபக்குறிப்பைத் தன்னைப்பற்றி மட்டும் சொல்லலாம், அக்காவைப்பற்றி, பக்கத்து வீட்டைப்பற்றிச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே விதி வையுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று நீங்கள் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தன்னை யாரோ தகாத விதமாய்த் தொட்டதாகச் சொன்னால் அது ஜெபக்குறிப்பு அல்ல. 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, தெரியவந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். சிறுவர் உதவி எண் 1098, எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். "மன்னித்துவிடு மக்களே, நீடியபொறுமை வேணும்" என்று அந்த இடத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். போதகரிடம் சொல்லியாயிற்று என்பதால் உங்கள் கடமை தீராது.

வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், கதவு திறந்தே இருக்கட்டும்.

பதில்: ஒன்பதுசுளை

நாள் கணக்கு ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப்பக்கப் பிள்ளைகளுக்கு ஓணப் பரீட்சையும் ஓண லீவும், இந்தப்பக்கப் பிள்ளைகளுக்கு செப்டம்பரில் காலாண்டு. ஜூன் இரண்டாம் வாரம் சக்கையோடு தொடங்கினால் பதினோரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம், ஓணம் ஆகஸ்டிலேயே வரும் வருஷமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவே மழைக்கு ஒரு வாரம் போனால் நீடியபொறுமையின் முதல் வாரத்தைச் சுருக்குங்கள், இரண்டாம் வாரங்களில் கைவைக்காதீர்கள். ஆனி, ஆடி மழையில் 5 மணிக்குள் பிள்ளைகள் வீடு சேரவேண்டும், 3 மணி என்றால் 3 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.