புதுப்பிப்பு: பழைய எக்ஸ்சி60 தேடல்

புது பிஎம்டபிள்யூ எக்ஸ்3-யா, பழைய வோல்வோ எக்ஸ்சி60-யா என்று முன்பு கேட்டிருந்தேன். எக்ஸ்சி60 என்று முடிவாகிவிட்டது. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் யூரோ என்கேப் அமைப்பின் 2017 சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 98% வாங்கிய வண்டி.

சென்னையில் ஒரு 2022 பி5 (எக்ஸ்சி60-யின் பெட்ரோல் மாடல்) பார்த்தோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஆனால் பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்ததும் காய்ந்த சேற்றுக் கோடு! 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. எஞ்சினுக்கு உதவும் 48 வோல்ட் ஹைப்ரிட் பேட்டரி உள்ள வண்டியில் தண்ணீர் புகுந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம். விட்டுவிட்டோம்.

அப்புறம், நான்கு சக்கர இயக்கம் என்பதால் பின்னால் நடுத்தரை மேடாக இருக்கும். இரு ஓரமும் ஐசோஃபிக்ஸ் (காரிலேயே உள்ள கொக்கியில் மாட்டும்) குழந்தை சீட் என்றால், நடுவில் பாட்டிக்குக் கால் வைக்கச் சிரமம். சீட்டை மாட்டிப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். அடுத்து கோவையில் ஒன்று பார்க்கிறோம்.