கருவாடு பொரிக்கக் கூடாத வீடுகள்: திரும்பவும் சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி: தேவிபட்டினம் லாத்தா

அனைவருக்கும் வணக்கம். தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டிருந்தார்கள். வருகிற ஜூனிலிருந்து வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். கணவர் குவைத்தில் இருக்கிறார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். அவளையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் சென்னையில் வீடு தேடவேண்டும். வேலைக்கு நான் பயப்படவில்லை. வீடு தேடுவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நெரிசலும் புகையும் எல்லோரும் சொல்வதுதான். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போய்வந்ததையோ, மெட்ரோ ரயில் வேலைக்காகப் பாதிச் சாலையை அடைத்திருப்பதையோ நான் பெரிதாக நினைக்கவில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது தண்ணீர் விஷயம்.

துரைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தேன். மோட்டார் சுவிட்ச் கீழே, வீட்டுக்காரருடைய கூடத்துக்குள் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் போடுவார். லாரித் தண்ணீருக்கான பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவார். அதில் எனக்கு வருத்தமில்லை, லாரிக்காரர் சும்மா ஊற்றிவிட்டுப் போவதில்லை. ஆனால் ஊரிலிருந்து உம்மா வந்த அன்றே, பையோடு மாடிப்படியில் நிற்கவைத்து, "இவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டார். உம்மாவின் முகத்துக்கு நேராகத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து உம்மா குழாயைத் திறக்கவே இல்லை. தொழுகைக்கு ஒளு செய்ய ஒரு சிறிய சொம்பில் மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்வார். அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, கையிலிருந்து வடியும் தண்ணீரை அதில் பிடித்து, கழிப்பறைக்கு ஊற்றுவார். "ஏன் உம்மா இப்படி?" என்றால், "உனக்குத்தானே பேச்சு வரும்" என்பார்.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் அந்தக் காட்டில்தான் வளர்ந்தேன். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் ஊற்றில் போய்க் காத்திருந்திருக்கிறேன். மணலில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிவரும்வரை பொறுத்து, கலங்காமல் ஓரத்தில் சிரட்டையை வைத்து மொண்டு மொண்டு குடத்தை நிறைக்கவேண்டும். அவசரப்பட்டால் மணல்தான் வரும். ஆனால் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், "நீ முதலில் மொண்டுகொண்டு போ" என்று வரிசையில் இருப்பவர்களே வழிவிடுவார்கள். சென்னையில் நான் பணமும் கொடுத்து, ஒருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது மீன். வீடு பார்க்கப் போன இடமெல்லாம் முதல் கேள்வி, அசைவம் உண்டா என்பது. சில இடங்களில் என் பெயரைச் சொன்னதும், வீடு நேற்றே முடிந்துவிட்டது என்ற பதில். ஒருவர் மிகவும் மரியாதையாக, "மீன் வேண்டுமானால் சமைத்துக்கொள்ளுங்கள், கருவாடு மட்டும் கூடாது" என்றார். என் வாப்பா நாட்டுப்படகில் போய் எங்களை வளர்த்தவர். காரல் கருவாடும் நெத்திலிக் கருவாடும் எங்கள் வீட்டில் கொடியில் காயும் துணிக்குப் பக்கத்திலேயே காயும். பல நாள் கஞ்சிக்கு அதுதான் துணை. அதை ஒளித்து ஒளித்துச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். ஓ.எம்.ஆரிலேயே வீடு பார்ப்பதா, தள்ளி இருந்து போய்வருவதா? தண்ணீரையும் விருந்தாளியையும் பற்றி வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியுமா? உம்மாவை அழைத்துப்போவது அவருக்கு நல்லதா? பகல் முழுவதும் அந்த மாடியில் அவர் என்ன செய்வார்?

பதில்: தொண்டிக்காரன், மண்ணடி

தங்கச்சி, நான் தொண்டி. மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாடிப்படியில் நிறுத்திக் கேட்டதைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆரில் உள்ள சில நிறுவனங்கள், கழிப்பறைக்கே தண்ணீர் இல்லாததால் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது அந்த ஆண்டில்தான். அந்தச் சாலை நெடுகக் கட்டடங்கள் முதலில் வந்துவிட்டன. குடிநீர்க் குழாய் பின்னால்தான் வந்தது, இன்னும் வராத தெருக்களும் இருக்கின்றன. போர்வெல் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். லாரியை நம்பி இருக்கும் வீட்டுக்காரர் சொட்டுக்குச் சொட்டுக் கணக்குப் பார்ப்பார். நல்ல மனிதரும் அங்கே கெட்டுப்போவார். அதனால் மனிதரைப் பார்ப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

என் யோசனை திருவல்லிக்கேணி. அங்கே குடிநீர் வாரியக் குழாய் பழையது. தெருவில் அடிபம்பும் இருக்கும். திருவல்லிக்கேணி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூரிலோ தரமணியிலோ இறங்கி, ஓ.எம்.ஆருக்கு பஸ் பிடிக்கலாம். காலையில் நெரிசல்தான், ஆனால் சாலையில் சிக்கிக்கொள்ளமாட்டீர்கள். ஜாம் பஜார் பக்கத்தில் இருக்கிறது. கருவாடு பொரித்தால் அந்தத் தெருக்களில் யாரும் மூக்கைப் பொத்தமாட்டார்கள், நான்கு வீட்டில் அதே வாசம்தான் இருக்கும். பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. மெரினாவுக்கு உம்மா நடந்தே போகலாம். குறையும் சொல்லிவிடுகிறேன்: வீடுகள் பழையவை, அறைகள் சிறியவை, வெளிச்சம் குறைவு, வாடகையும் குறைவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அது அளவாகச் சொல்கிறது. இருவரும் சம்மதித்து வேறு தொகை எழுதினால் அந்தத் தொகை நின்றுவிடும், ஆகையால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்பே. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வாடகைதாரரை நெருக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மூன்று வரி கேட்டு வாங்குங்கள்: லாரிப் பணம் எப்படிப் பிரியும், மோட்டார் எந்த நேரம் ஓடும், தாய் உங்களோடு நிரந்தரமாகத் தங்குவார். மூன்றாவது வரியைப் படித்ததும் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். சுளித்தால் அந்த வீடு வேண்டாம்.

பதில்: உச்சிப்புளி ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகளே, நீ கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதைத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார்.

என் மனைவியின் இதய சிகிச்சைக்காகக் குரோம்பேட்டையில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. சிகிச்சையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவள் இன்று நடமாடுகிறாள் என்றால் அந்த நகரத்தால்தான். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் வந்தது. அதற்கு முன் கொஞ்சம் பெரிய நோய் என்றாலே மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியவர்கள் நாம். ஊரே சொர்க்கம் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

ஆனால் எனக்கு அங்கே உட்கார இடமில்லை. வீட்டுக்குள் உட்காரலாம். வெளியே வந்தால் தெருவில் நடைபாதை இல்லை. இருக்கும் நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். தேநீர்க் கடையில் குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு இடம் கேட்பார்கள், பிழைப்பு அப்படி. நான் கண்டுபிடித்த இடம் ரயில் நிலையம். பத்து ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, மின்சார ரயில்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் படகுத்துறையில், கோயில் திண்ணையில், பனைமரத்தடியில் உட்கார யாருக்கும் காசு கொடுத்ததில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு இருபத்தாறாயிரம் பேருக்கு மேல். நம் மாவட்டத்தில் முந்நூற்றுச் சொச்சம். வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் பொருள் குரோம்பேட்டையில்தான் எனக்குப் புரிந்தது.

எனவே உன் தாயை அழைத்துப் போ, ஆனால் தரைத்தளமாகப் பார். வாசற்படி தெருவைப் பார்த்து இருக்கவேண்டும். இரண்டு பெண்களோடு பேச்சுத்தொடர்பு வந்துவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் இல்லை. காசை எண்ணிப் பார்க்காமல் அவர் கடற்கரைக்கோ சந்தைக்கோ போய்வரலாம். எனக்குக்கூட அறுபது வயதைக் கடந்தவன் என்று மாதம் பத்து டோக்கன் கிடைத்தது. அதைப் பாதி மெரினாவுக்கே செலவழித்தேன்.

பதில்: மண்டபம் பொண்ணு

லாத்தா, நான் வேளச்சேரியில் மகளிர் விடுதியில் இருக்கிறேன். ஓர் அறையில் நான்கு பேர். இரவு பன்னிரண்டு மணிக்கும் ஹாரன் சத்தம் ஓயாது. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை தடை என்று சட்டம் இருக்கிறது. எங்கள் தெருத் திருமண மண்டபத்துக்கு அது போய்ச் சேரவில்லை. போலீசுக்கு 100-இல் சொன்னால் வந்து நிறுத்துகிறார்கள். தயங்காமல் கூப்பிடுங்கள், நான் கூப்பிடுகிறேன்.

எனக்குப் பெரிய வேதனை ஊருக்கு வருவதுதான். தென்மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. நகரத்துக்குள்ளிருந்து அங்கே போய்ச்சேர்வதே ஒரு பயணம். ரயிலில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பண்டிகை நாளுக்கு சேது எக்ஸ்பிரஸில் காலை எட்டு மணிக்குத் திறந்த டிக்கெட், நான் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை அப்பாவின் விசைப்படகு கரையில் நிற்கிறது. அவர் வீட்டிலேயே இருக்கும் நாள்கள் இவை. நான் இங்கே இருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் நான் கடைத்தெருவுக்குப் போனால், வீடு திரும்புவதற்குள் நான் யாரோடு பேசினேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இந்த நகரத்தில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அது உங்கள் உம்மாவை வருத்தும், எனக்கு மூச்சு விட இடம் தருகிறது. உங்கள் மகளுக்கும் பதினைந்து வயதில் அது தேவைப்படலாம். இரண்டையும் நினைத்துப் பாருங்கள்.

பதில்: தேவிபட்டினம் லாத்தா

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மண்டபத்துத் தங்கச்சி சொன்னதை நான் மறுக்கவில்லை. எனக்கும் இருபது வயதில் அந்த மூச்சு பிடித்திருந்தது. பெயரும் ஊரும் கேட்காமல் ஒரு நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார விட்ட நகரம் அது. என் மகளுக்கு அது கிடைக்கட்டும். ஆனால் ஒரு வீட்டின் படியில் என் உம்மாவை எண்ணிப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. அதை இனி ஏற்றுக்கொள்வதாக இல்லை. தொண்டிக் காக்கா (அண்ணன்) சொன்ன மூன்றாவது வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். வேலையே போனாலும் சரி.

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிளாட்பாரம் டிக்கெட்டைக் கேட்டதும், "அந்த மனிதருக்கு வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று மிகவும் வருத்தப்பட்டார். சென்னைக்கு வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே நிபந்தனை, நோன்பு மாதத்தில் ஊரில் இருக்கவேண்டும் என்பது. அது நியாயம்தான். அந்த மாதத்தில் மகளையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பது என்று கணவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

காக்கா, திருவல்லிக்கேணியில் தரைத்தளம், குடிநீர் வாரிய இணைப்பு, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் என்று உங்களுக்குத் தெரிந்த தரகரிடம் சொல்லிவையுங்கள். சமையலறை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் இருக்கவேண்டும். வாடகை என்ன வருகிறது என்று தெரிந்தால் மற்றதைத் தீர்மானிப்பேன். அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பைத் தமிழ்வழியில் நன்றாக நடத்தும் பள்ளி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். இங்கே மாற்றுச் சான்றிதழ் ஏதும் தேவையில்லை, இப்போதுதான் அங்கன்வாடியை முடிக்கிறாள்.